குரலில் காரம் போதவில்லை

மார்ச் 4

இந்தக் கடிதத்தை யாருக்கு என்று எழுதித் தொடங்குவது எனக்குத் தெரியவில்லை. அதனால் விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

போன வருடம் என் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். கட்டியோடு குரல்வளையும் போனது. உயிருக்கு ஒன்றும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறேன். பேச்சு மட்டும் இல்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று வீட்டில் எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தேன். எழுதிக் காட்டித்தான் மிரட்டினேன்.

பேருந்து நிலையத்தில் மைக்கின் முன்னால் இத்தனை வருடம் உட்கார்ந்து அறிவிப்புச் சொன்னவளுக்கு இப்படி. உன் அத்தான் ஆறுதல் சொன்னார்: "ஊருக்கே சேத்துப் பேசிட்ட. இனி கொஞ்சம் ரெஸ்ட் எடு." முறைத்தேன். முறைக்கக் குரல் தேவையில்லை.

பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்காக ஒரு கருவியைச் செய்து சோதித்துப் பார்க்கிறார்கள். தாடைக்குக் கீழே பிளாஸ்திரி போல இரண்டு பட்டைகளை ஒட்டிக்கொள்ள வேண்டும். நான் சத்தமில்லாமல் வாயை அசைத்தால், தசைகள் அசைவதைப் பார்த்து இன்ன சொல் என்று கணினி ஊகிக்கிறது. தோளில் குத்திய சின்ன ஸ்பீக்கர் அதைப் பேசுகிறது. ஒரு மூச்சு நேரம் தாமதமாகும், அவ்வளவுதான்.

எந்தக் குரலில் பேசுவது என்பதுதான் கேள்வி. அங்கே வேலை செய்யும் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் கண்ணாடி. முகத்தில் பாதி கண்ணாடிதான். "மேடம், உங்க பழைய குரல் பதிவு இருந்தா அதையே கத்துக்கொடுத்துடலாம்" என்றாள். பேருந்து நிலையத்தில் என் அறிவிப்புகள் அலமாரி அலமாரியாக இருந்தன. எல்லாவற்றையும் கருவிக்குப் புகட்டினார்கள். அன்றைக்குச் சாப்பிடும்போது அத்தானிடம் உப்பு கேட்டேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "எந்த பிளாட்பாரத்துல?" என்றார்.

வீட்டில் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். நிலைய மேலாளர் எனக்கு ஒரு வழி சொன்னார். "அறிவிப்புக்கு உங்க பழைய பதிவையே ஓட்டிக்கறோம். நீங்க விசாரணை கவுண்டர்ல உக்காருங்க. ஜனங்களைச் சமாளிக்க முடிஞ்சா அந்த இடம் உங்களுக்கு. இல்லைன்னா பின்னாடி ரெக்கார்டு ரூம்தான்." மே மாதக் கடைசி வரை தவணை. ரெக்கார்டு ரூமில் அட்டைப்பெட்டிகளும் ஒரு மின்விசிறியும் உண்டு, மனித முகம் கிடையாது. என்னை உனக்குத் தெரியும். அங்கே நான் ஒரு மாதம் தாங்கமாட்டேன்.

கவுண்டரில் முதல் நாள் ஒருவர் வந்து, கடைசி வண்டி போய்விட்டதா என்று கேட்டார். "இல்லை, ஆறாவது நடைமேடையில் நிற்கிறது" என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். அடுத்து வந்தவரும் பார்த்தார். எல்லோருமே கூரையில் இருக்கும் ஒலிபெருக்கிதான் பதில் சொல்கிறது என்று நினைத்தார்கள். ஒரு அம்மாள் கூரைக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

கண்ணாடியிடம் போய்ச் சொன்னேன். அறிவிப்புப் பதிவு மட்டும் போதாதாம், வீட்டில் சாதாரணமாகப் பேசியது வேண்டுமாம். அது எங்கே இருக்கிறது? ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் குரல் செய்தி அனுப்பிக்கொள்வதில்லை. அடுத்த அறைக்குக் கத்துவதோடு சரி. மகளோடு எப்போதும் நேரடியாகப் போன் பேச்சுதான். என் பழைய போன் செத்துப்போனது. நான் குரல் செய்தி அனுப்பிய ஆள் ஒரே ஒருத்திதான். அவள் கடைக்காரன் அனுப்பும் விளம்பரத்தைக்கூட அழிக்காதவள்.

இருந்தால், கீழே எழுதியிருக்கும் ஆய்வுக்கூடத்து முகவரிக்கு நேரடியாக அனுப்பு. உன் எண்ணை அன்றைக்குத் தடுத்து வைத்தேன். தடையை எடுக்கத் தெரியவில்லை. அத்தானைக் கேட்டால் ஒரு வாரம் சிரிப்பார். அதனால்தான் தபால்.

யார் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும்.


மார்ச் 13

அக்கா,

நான் இப்படித்தான் தொடங்குவேன். தடை உன் பக்கம்தானே.

ஒரு வருடம்! ஒரு வருடமாக அத்தான் என்னிடம் போனில் மழையையும் வெயிலையும் பற்றிப் பேசியிருக்கிறார். "அக்கா எப்படி இருக்கா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். "அமைதியா இருக்கா" என்றார். நானும் உன் கோபம் தணிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவரை நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைத் துறைமுகத்தில், வேலை நேரத்தில் படித்தேன். நான் இப்போது கிரேன் மேலே ஏறுவதில்லை. கரையோரம் ஓர் அறையில், குளிர் அதிகமாக வைத்த அறையில், திரைகளின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். நான்கு கிரேன்கள் என் பொறுப்பு. சரக்குப் பெட்டியைத் தூக்குவது, நகர்த்துவது, லாரியில் வைப்பது எல்லாம் அவையே செய்கின்றன. காற்று அடித்துப் பெட்டி ஆடினாலோ, எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தாலோ, விளக்கு எரியும். அப்போது நான் கைப்பிடியைப் பிடித்து இறக்கி வைப்பேன். நீ எழுதிய 'குரல்வளையும் போனது' என்ற வரியில் இருந்தபோது விளக்கு எரிந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் கப்பலில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை, ஆனாலும் அவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான், "அம்மா தாயே, உன் பிள்ளை அந்தரத்துல தொங்குது" என்று கத்தினார்.

நீ அனுப்பிய செய்திகள் எல்லாமே இருக்கின்றன. ஒன்றையும் அழிக்கவில்லை. நேற்று ஓய்வு அறையில் காதில் மாட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்தேன். ஒன்றில் நீ மூக்கடைப்போடு பேசுகிறாய். ஒன்றில் பின்னால் குக்கர் கத்துகிறது, நீ குக்கரையும் சேர்த்து அதட்டுகிறாய். குரலுக்கு ஏற்றவற்றைத் தேர்ந்தெடுத்துச் சீக்கிரமே அனுப்பிவிடுகிறேன். அந்தக் கவுண்டர் உனக்குத்தான். ரெக்கார்டு ரூமில் உன்னை வைத்தால் அட்டைப்பெட்டிகள் வேலையை விட்டுப் போய்விடும்.

வலி இருக்கிறதா? அதை ஏன் எழுதவில்லை?

தங்கச்சி


ஏப்ரல் 9

வலி இல்லை. எரிச்சல் இருக்கிறது. அது உன்னால்.

நல்லதை முதலில் சொல்கிறேன். போன வாரம் புதுக் குரல் வந்தது. சமையலறையில் நின்று, "தண்ணி" என்று வாயசைத்தேன். என் குரல் வந்தது. அறிவிப்புக் குரல் அல்ல, என் குரல். கூடத்தில் செய்தித்தாள் விழுகிற சத்தம் கேட்டது. அத்தான் வந்து வாசலில் நின்றார். தண்ணீர் கொண்டுவர மறந்துவிட்டார். எனக்கும் தாகம் மறந்துவிட்டது.

மறுநாள் குளித்துவிட்டு ஈரத்துண்டைப் படுக்கையில் போட்டிருந்தார். உன்னால் அவரைத் திருத்த முடியாது, என்னாலும் முடியாது, ஆனால் கேட்காமல் விடவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, "துண்டை எங்க போட்டு வெச்சிருக்கீங்க?" என்றேன். கருவி அதைக் காய்ச்சல்காரக் குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டது. அவர் முகம் வெளுத்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் என்ன சொன்னார்? எதையும் மறைக்காம சொல்லு" என்றார். இல்லை, துண்டு, துண்டு என்று நான் பதற, அதுவும் தேனாக வந்தது. மனிதர் அன்று மதியம் சாப்பிடவில்லை.

மகளோடு போனில் பேசினேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "அம்மா, உனக்கு என்ன வேணும்? சுத்தி வளைக்காம நேராக் கேளு" என்றாள்.

இனி கவுண்டர் கதைக்கு வா. வரிசையை விட்டு மூன்று பேர் பக்கவாட்டில் நுழைந்தார்கள். "வரிசையில வாங்க!" என்றேன். விருந்துக்குக் கூப்பிட்டதுபோல் இருந்தது. வரிசையில் நின்றிருந்தவர்களும் கலைந்து அந்தப் பக்கமாகவே வந்தார்கள். பக்கத்து டிக்கெட் கவுண்டர்காரரை நாங்கள் சில்லறை என்போம், யார் வந்தாலும் அதைத்தான் கேட்பார். அவர் எட்டிப் பார்த்து, "அக்கா, நீங்க கூப்பிடறதக் கேட்டா எனக்கே எந்திரிச்சு வந்துரலாம்போல இருக்கு" என்றார். ஒருவன் கவுண்டர் மேல் முழங்கையை ஊன்றி, பயணத்தைத் தவிர எல்லாவற்றையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். போ என்று சொன்னால் இரு என்பது போல் கேட்கிறது. மேலாளர் மாடி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். அதுதான் பயம்.

கண்ணாடியிடம் போனேன். நான் எவ்வளவு அழுத்தி வாயசைக்கிறேனோ, அதற்கேற்ற தொனியைக் கருவி தேடி எடுக்குமாம். கோபத்தொனி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாததால், பக்கத்தில் இருக்கும் அக்கறையை எடுத்துப் போடுகிறதாம். வந்த பதிவுகளைத் திறந்து காட்டினாள். பிறந்தநாள் வாழ்த்து, பிறந்தநாள் வாழ்த்து, ஜுரம் எப்படி இருக்கிறது, மழையில் நனையாதே, வேளைக்குச் சாப்பிடு. "மேடம், இத்தனை வருஷத்துல உங்க தங்கச்சிகிட்ட ஒரு தடவகூட நீங்க கோபப்பட்டதே இல்லையா?" என்று கேட்டாள். அந்தப் பெண் உண்மையாகவே நெகிழ்ந்துபோயிருந்தாள்.

என்னை இவ்வளவு நல்லவளாக ஆக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? மீதி எங்கே?


ஏப்ரல் 18

அக்கா,

மீதி என்னிடம்தான் இருக்கிறது. அனுப்பியதைப்போலப் பத்து மடங்கு இருக்கும்.

திட்டாதே. இப்போது உன்னால் சரியாகத் திட்டவும் முடியாது.

நான் செய்தது இதுதான். வேலை முடிந்து ஒவ்வொரு நாளும் ஓய்வு அறையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டு, நல்லது ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம் என்று பிரித்தேன். ஒருநாள் காதில் மாட்டியது கழன்று சத்தம் வெளியே கேட்டுவிட்டது. கேப்டன் டீயை வைத்துவிட்டு, "யாரும்மா அது, உன்னை இந்தக் கிழி கிழிக்கறது?" என்றார். "எங்க அக்கா." "சம்பளத்துக்கா, சும்மாவா?" என்றார். அப்போதுதான் யோசித்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்கப் போகிறாள். உன்னைப் பற்றி என்ன நினைப்பாள்? என்னைப் பற்றியும்தான். இவ்வளவு பேச்சு வாங்கியவள் என்று தெரிந்துவிடுமே.

உனக்கு ஒரு குரல் என்றால் அது உன்னுடைய நல்ல குரலாக இருக்கட்டும் என்று நினைத்தேன். உன் வேலைக்குக் குழி தோண்டுகிறேன் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் அனுப்பிவிடுகிறேன், ஒன்றைத் தவிர. எது என்று உனக்குத் தெரியும். உன் மகள் கல்யாணத்துக்கு மறுநாள் வந்தது. 'உனக்கு அந்த இரும்புதான் சொந்தம். இனி எனக்குத் தங்கச்சின்னு யாரும் இல்ல.' அதிலிருந்து ஒரு கருவி பாடம் படித்து, அந்தத் தொனியில் புதுப்புது வாக்கியம் பேசுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு நான் ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், சமாதானத்துக்காக அல்ல. விடுமுறை வாங்கி, பெட்டி கட்டி, துறைமுகத்துக்கே கொண்டுவந்திருந்தேன். கிரேன்கள் ஆளில்லாமல் ஓட ஆரம்பித்த வாரம் அது. ஒன்று கப்பலுக்கு மேலே பெட்டியைத் தூக்கிய நிலையில் நின்றுவிட்டது. காற்று. கீழே கப்பலில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். அறையிலிருந்து என்ன செய்தும் அசையவில்லை. மேலே ஏறிக் கையால் ஓட்டத் தெரிந்தவள் அந்த நேரத்தில் நான் ஒருத்திதான். ஏறினேன். பத்திரமாக இறக்கினேன். நான் இறங்கியபோது ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலை விசாரித்தேன், அது ஊர் வந்து சேருவதற்குள் கல்யாணமே முடிந்திருக்கும். என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் உன் செய்தி வந்தது.

தங்கச்சி


ஏப்ரல் 26

இதை மூன்று வருடம் வயிற்றில் வைத்திருந்தாயே, நீ என்ன சரக்குக் கப்பலா?

படித்துவிட்டு அத்தானிடம் கொடுத்தேன். அவருக்கு அப்போதே தெரியுமாம். "நீ கேக்கலியே" என்கிறார். இந்த வீட்டில் நான் கேட்டால்தான் எதுவும் வரும் போலிருக்கிறது. ஈரத்துண்டு மட்டும் கேட்காமலேயே வருகிறது.

எல்லாவற்றையும் அனுப்பு. அதையும் அனுப்பு. திட்டியது நான், அது என் உழைப்பு. அதைப் பதுக்கி வைக்க நீ யார்?

இன்னொன்று. அந்த ஒரு செய்தியை நீ தனியாக எடுத்து வைத்திருக்கும் வரை, அது தனியாகத்தான் இருக்கும். மற்றவற்றோடு போட்டால், அதுவும் நான் உன்னைத் திட்டிய ஆயிரத்தில் ஒன்று. கூட்டத்தில் நிற்கட்டும்.

மேலாளர் நேற்று ரெக்கார்டு ரூமில் விளக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார். சில்லறை சொன்னார். சீக்கிரம்.

அக்கா


மே 2

அக்கா,

அனுப்பிவிட்டேன். எல்லாம். அதையும். மறுபடி கேட்காமலேயே அனுப்பினேன்.

கண்ணாடிப் பெண்ணிடம் முதலில் ஒலியைக் குறைத்துவைத்துக் கேட்கச் சொல். பாவம், சின்னப் பெண்.

கடிதத்தில் 'அக்கா' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே.

தங்கச்சி


மே 23

தங்கச்சி,

கவுண்டர் கிடைத்துவிட்டது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ கடிதத்தைத் தாவித் தாவிப் படிப்பாய்.

கண்ணாடி உன் பதிவுகளைக் கேட்க நான்கு நாள் எடுத்துக்கொண்டாள். பிறகு நான் போனபோது அவளே எழுந்து நாற்காலி போட்டாள். முன்பெல்லாம் கையைக் காட்டுவதோடு சரி. "மேடம், உங்க தங்கச்சி ரொம்பப் பொறுமைசாலி" என்றாள். என் குரலைத் திரும்ப வாங்கப் போன இடத்தில் உனக்குப் பாராட்டு. அந்தச் செய்தியைப் பற்றியும் சொன்னாள். பின்னால் எந்தச் சத்தமும் இல்லாமல், ஒரு சொல்கூட மழுங்காமல் இருந்த பதிவு அது ஒன்றுதானாம். குரல் உயர்வதும் கடைசியில் உடைவதும் அதிலிருந்துதான் கருவிக்குப் பிடிபட்டதாம். உடைந்தது எனக்கே தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் துண்டு. வாயசைத்தேன். ஒரு மூச்சு நேரம். பிறகு வந்தது பார், அடுத்த வீட்டு ஜன்னல் திறந்தது. உன் அத்தான் துண்டை எடுக்கவில்லை. போனை எடுத்தார். மகளுக்கு, அவர் தம்பிக்கு, பழைய சிநேகிதருக்கு, வரிசையாக: "வந்துட்டா! அவதான்! அவளேதான்!" அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கும் மனிதரை நான் பார்த்ததில்லை. துண்டை நான்தான் காயப் போட்டேன்.

திங்கட்கிழமை கவுண்டர். விடுமுறை முடிந்து ஊர் திரும்பும் கூட்டம். ஆட்டுக்கிடா மாதிரி ஒருவர் வரிசையைப் பிளந்துகொண்டு வந்து கையை உள்ளே நீட்டினார். "ஏங்க, இத்தனை பேர் நிக்கறது உங்களை வழியனுப்பவா? பின்னாடி போங்க!" என்றேன். அவர் திகைத்து, "என்னங்க இது, மெஷின் திட்டுது?" என்றார். சில்லறை தன் கவுண்டரிலிருந்தே, "மெஷினுக்கு ஏதுங்க அந்த வாய்? அது எங்க அக்கா" என்றார். அந்த ஆள் கூரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு கடைசியில் போய் நின்றார். அவர் முறை வந்தபோது, அவருக்கு வண்டி மாறும் இடம், நேரம் எல்லாம் பொறுமையாகச் சொன்னேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெண்ணிடம் தாழ்வாகவும் பேச முடிந்தது. அந்தத் தாழ்வு நீ முதலில் அனுப்பியதிலிருந்து வந்தது. அதனால் உன் தேர்வும் முழுக்க வீண் இல்லை.

மேலாளர் இறங்கி வந்தார். "மேல ஜன்னல் சாத்தியிருந்துச்சு. அப்பவும் கேட்டுச்சு" என்றார். "ரெக்கார்டு ரூமுக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்." விசாரணைத் தொலைபேசியையும் என் மேசைக்கே மாற்றிவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சிரிப்பு இன்னும் சரியாக வரவில்லை. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு என் தோளிலிருந்து தனியாக ஒரு சிரிப்பு வருகிறது. அதைக் கேட்டு மறுபடி எல்லோரும் சிரிக்கிறார்கள். அதுவும் ஒரு வசதிதான்.

உன் எண்ணின் மேல் இருக்கும் தடையை எடுக்க இன்னும் தெரியவில்லை.

அக்கா


ஜூன் 1

அக்கா,

நேற்று முற்பகல் விசாரணைத் தொலைபேசிக்கு, பெயர் சொல்லாமல், குரலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு ஒரு பயணி பேசினாள். அது யார் என்று நீ முதல் சொல்லிலேயே கண்டுபிடித்துவிட்டாய். அதனால் நடந்ததை உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இந்தப் பக்கம் எப்படிக் கேட்டது என்று உனக்குத் தெரியாதே.

மணி அடித்தது. எடுத்தாய். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இல்லை. நீ எழுதியிருந்தும் அந்த இடைவெளிக்கு நான் தயாராக இல்லை. பிறகு, "விசாரணை. சொல்லுங்க" என்றாய்.

மூக்கடைப்பு இல்லை, குக்கர் இல்லை. மற்றபடி நீதான். நான் எதிரே இருந்த திரைகளில் ஒன்றையும் பார்க்கவில்லை. கேப்டன் தன் கிரேன்களோடு என்னுடையவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்.

"துறைமுகத்துலேர்ந்து உங்க ஊருக்கு நேர் வண்டி இருக்குங்களா?" என்றேன்.

இந்த முறை ஒரு மூச்சைவிட நீளம். கருவியின் தாமதம் எவ்வளவு, உன் தாமதம் எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"இருக்கு. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"ஜன்னலோர சீட்டு கிடைக்குங்களா?"

"வர்றவங்க நின்னுக்கிட்டாவது வருவாங்க. வராதவங்கதான் ஜன்னல் கேப்பாங்க."

கேப்டனுக்கும் கேட்டிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தார். உன் பக்கம் யாரோ வண்டி நம்பர் கேட்டுக் கவுண்டர் கண்ணாடியைத் தட்டுவது எனக்குக் கேட்டது. வரிசை நிற்கிறது, உன்னை நிறுத்திவைக்கக் கூடாது என்று தெரிந்தது. பயணியாக நடித்தது போதும் என்று, "வரட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். என் சொந்தக் குரலில்.

ஒன்றும் வரவில்லை. நீ போனை வைத்துவிட்டாயோ என்று நினைத்தேன். பிறகு வந்தது.

"வந்து தொலை."

உடனே வைத்துவிட்டாய். அடுத்த ஆளைக் கவனிக்கப் போயிருப்பாய்.

அக்கா, நீ அனுப்பியவை எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். கண்ணாடிப் பெண்கூட ஒலியைக் குறைத்துத்தான் கேட்டிருப்பாள். அதனால் என் பேச்சை நம்பு. அந்த இரண்டு சொல் எந்தப் பதிவிலும் இல்லை. நீ நேற்றுதான் சொன்னாய்.

சனிக்கிழமை காலை வண்டி. நடுவில் உள்ள சீட்டுதான் கிடைத்தது.

தங்கச்சி